திருச்சபையின் கதவும் அகதியின் காலக்கெடுவும்

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், மழையில் நனைந்த கடிதவுறை ஒன்றைக் கையிற் பிடித்தவாறு இளைஞர் ஒருவர் எமது பணிமனைக்கு வந்தார். கிளிநொச்சியைச் சேர்ந்தவர். வயது இருபத்தாறு. குரோசியா நாட்டின் எல்லையில் அவரது கைரேகை பதியப்பட்டிருந்தது. ஆகவே அவரது புகலிடக் கோரிக்கையை ஜேர்மனி விசாரிக்காது, அவர் குரோசியாவுக்கே திருப்பி அனுப்பப்படுவார் என்று அக்கடிதம் கூறியது. அதற்கெதிராக அவர் செய்திருந்த அவசர மனுவும் ஒக்டோபர் மாத இறுதியில் நீதிமன்றினால் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. கதிரையின் நுனியில் அமர்ந்தபடி அவர் எம்மிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

“சேர், சேர்ச்சுக்குள்ள போய் இருந்தால் பிடிக்கமாட்டினமாம். உண்மையே?”

முன்னொரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்று மாணவர் கேட்கும் வினாக்களுக்கு உடனுக்குடன் விடையளித்துப் பழகியவர் நாம். ஆனால் இக்கேள்விக்கு “ஆம்” என்றோ “இல்லை” என்றோ கூற எமக்கு நா எழவில்லை. ஒரு வாரம் கழித்து வருமாறு அவரிடம் கூறினோம். அந்த ஒரு வாரத்தில் நாம் தேடியறிந்தவற்றையும், அதன் பின் நிகழ்ந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். இதே கேள்வியை மனதுக்குள் வைத்திருப்போர் எமது வாசகர்களிடையே பலர் இருப்பர் என்பதை நாம் அறிவோம்.

அவர் கேள்விப்பட்டிருந்த கதை ஒல்லாந்து நாட்டினுடையது. யாரோ கைத்தொலைபேசியில் அனுப்பிய காணொளியில் அதனைப் பார்த்திருக்கிறார். அக்கதை உண்மையானதே.

ஹேக் நகரத்தில் புரட்டஸ்தாந்து திருச்சபைக்கு உரிய பெத்தேல் என்னும் சிறிய ஆலயம் உண்டு. பெத்தேல் என்றால் எபிரேய மொழியில் இறைவனின் வீடு என்று பொருள். 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை பிற்பகல் அங்கே ஒரு வழிபாடு ஆரம்பமாயிற்று. அவ்வழிபாடு அன்றிரவு முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. நத்தார் வந்து போயிற்று, புதுவருடம் பிறந்தது, வழிபாடு தொடர்ந்து நடந்துகொண்டேயிருந்தது. 2019 ஜனவரி 30ஆம் திகதியன்றுதான் அது நிறைவுற்றது. 96 நாட்கள், 2300 மணித்தியாலங்களுக்கு மேல், இரவு பகல் என்ற பேதமின்றி, ஒரு கணமேனும் இடைவெளி விடாது அந்த ஆலயத்தில் செபமும் வாசிப்பும் பாடலும் ஒலித்தன.

காரணம் சட்டத்தின் ஒரு வரி. வீடுகளிலும் கட்டடங்களிலும் அதிகாரிகள் புகுவது பற்றி ஒல்லாந்து 1994ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, வழிபாடு நடைபெறும் வேளையில் வழிபாட்டுத் தலத்தினுள் அவர்கள் நுழைவதைத் தடுக்கிறது. குற்றமொன்று கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. வழிபாடு முடிந்த மறுகணம் அந்தத் தடை இல்லை. ஆகவே வழிபாட்டை முடிக்காமலே விடுவது என்று அச்சபையார் தீர்மானித்தனர்.

ஆலயத்தின் மேல்மாடியில் ஆர்மேனிய நாட்டுக் குடும்பமொன்று இருந்தது. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள். மூத்தவர் இருவரும் பெண்கள், இளையவர் ஆண். அரசியல் ஈடுபாட்டினால் தந்தைக்கு ஏற்பட்ட ஆபத்துக் காரணமாக நாட்டை விட்டு வெளியேறி, 2010ஆம் ஆண்டு முதல் ஒல்லாந்தில் வாழ்ந்து வந்தவர்கள். நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, அரசாங்கம் மேன்முறையீடு செய்ய, மீண்டும் தீர்ப்பு, மீண்டும் மேன்முறையீடு என ஆண்டுகள் உருண்டன. நீண்டகாலம் வாழ்ந்த பிள்ளைகளுக்கென 2013இல் கொண்டுவரப்பட்ட சிறுவர் மன்னிப்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பித்தனர். அத்திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: தம்மை நாட்டை விட்டு அனுப்புவதற்கு அக்குடும்பம் ஒத்துழைத்திருக்க வேண்டும். நாட்டில் இருப்பதற்கு அனுமதி கேட்பவர், நாட்டை விட்டுப் போவதற்கு ஒத்துழைத்தேன் என்று நிறுவ வேண்டும்! இத்தகைய தர்க்கத்தை மாணவன் ஒருவன் எழுதித் தந்திருந்தால் நாம் சிவப்பு மையால் கோடிட்டிருப்போம். விண்ணப்பித்தோரில் மிகப் பெரும்பாலானோர் இந்த நிபந்தனையாலேயே நிராகரிக்கப்பட்டனர்.

அக்குடும்பத்துக்கு முதலில் இடமளித்தது கட்வைக் என்னும் கடலோர ஊரின் வேறொரு ஆலயம். அங்கே தொடர்ந்து தங்க இயலாத நிலையிலேயே ஹேக் நகரத்துத் திருச்சபையை நாடினர். சபையார் இரகசியமாகக் கூடி, ஒரு சிறு வட்டத்துப் போதகர்களை மட்டும் அழைத்து, முதற் சில நாட்களுக்கு மட்டுமே ஒழுங்கு செய்துகொண்டு ஆரம்பித்தனர். அடுத்த வாரத்துக்கு யார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 24 மணித்தியாலங்கள். ஒருவரால் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம் வழிபாடு நடத்த முடியும். பகல் பொழுதுக்கு ஆட்களைத் தேடிவிடலாம். அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் யார் வருவார்? தை மாதக் குளிரில், வேறு ஊரிலிருந்து வாகனம் ஓட்டி வந்து, மூன்று நான்கு பேர் மட்டும் அமர்ந்திருக்கும் ஆலயத்தில் நின்று வேதம் வாசித்து, அடுத்தவர் வந்து தோளைத் தொட்டதும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, காலையில் தமது வேலைக்குச் செல்ல வேண்டும். அப்படி வந்தார்கள். பல நூறு போதகர்களும் குருமாரும் நாட்டின் நாலா பக்கங்களிலுமிருந்தும், அயல்நாடுகளிலிருந்தும் வந்து முறையெடுத்தனர். ஒருவரோடொருவர் கோட்பாட்டில் ஒத்துப்போகாத சபைகளைச் சேர்ந்தோர். சாதாரண ஞாயிறுகளில் ஒருவர் பலிபீடத்தில் மற்றவர் நிற்க மாட்டார். இங்கே ஒரே புத்தகத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கித் தொடர்ந்து வாசித்தனர்.

வருவோருக்குக் கோப்பி காய்ச்சியவர்கள், கதவருகே காவலிருந்தவர்கள், கழிவறை கழுவியவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் வெளிவரவில்லை. எமது ஊர்த் திருவிழாக்களில் மடைப்பள்ளியில் நின்றவர்களை எந்த மலரிலும் காண முடியாதது போலத்தான்.

அக்குடும்பத்தினர் அம்மூன்று மாதங்களும் வெளியில் கால் வைக்கவில்லை. மூத்த மகள் பல்கலைக்கழக மாணவி. அவர் விரிவுரைகளுக்குச் செல்ல முடியவில்லை. அக்காலத்தில் அவர் கவிதைகள் எழுதினார்.

ஜனவரி 29ஆம் திகதி ஒல்லாந்தின் நான்கு ஆளுங்கட்சிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. நிராகரிக்கப்பட்ட ஏறத்தாழ 700 சிறுவர்களின் கோவைகள் மீளப் பார்க்கப்படும் என்றும், அவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்துடன் தங்க அனுமதிக்கப்படுவர் என்றும் அறிவிக்கப்பட்டது. மறுநாள் பெத்தேலில் வழிபாடு நிறைவு செய்யப்பட்டது. மேல்மாடியில் இருந்த குடும்பத்தினரும் பின்னர் வதிவிட அனுமதி பெற்றனர்.

காணொளி இத்துடன் முடிந்துவிடுகிறது. முழுக் கதையையும் சொல்ல வேண்டியது எமது கடமை. அதே உடன்பாட்டில் வேறு மூன்று அம்சங்களும் இருந்தன. சிறுவர் மன்னிப்புத் திட்டம் அத்தோடு மூடப்பட்டது. விசேட சூழ்நிலைகளில் தனது தற்றுணிபின்படி அனுமதி வழங்க அமைச்சருக்கு இருந்த அதிகாரமும் எடுக்கப்பட்டது. அத்துடன் ஐக்கிய நாடுகள் சபை மூலம் ஒல்லாந்து ஆண்டுதோறும் அழைத்துக் குடியமர்த்தும் அகதிகளின் எண்ணிக்கை 750இலிருந்து 500 ஆகக் குறைக்கப்பட்டது. உள்ளே இருந்த பிள்ளைகளுக்காக, எங்கோ ஒரு முகாமில் பெயர் கூப்பிடக் காத்திருந்த 250 பேருடைய இடம் பேரம் பேசப்பட்டது. பெத்தேல் சபையார் இதனைக் கேட்கவுமில்லை, விரும்பவுமில்லை. அரசியல்வாதிகள் எழுதிய கணக்கு அது. எனினும் இதனை மறைத்துவிட்டு அந்த 96 நாட்களை மட்டும் புகழ்வது நேர்மையாகாது என்றே நாம் எண்ணுகிறோம்.

கூரை காப்பதில்லை

எமது மக்களுக்குத் தேவாலயத்தில் தஞ்சம் புகுவது புதிய செய்தியன்று. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் அயலிலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது விமானத்திலிருந்து குண்டுகள் வீசப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று நாம் பள்ளி மாணவன். இரவு முழுவதும் அத்திசையிலிருந்து வந்த வாகனங்களின் ஒலி இன்னும் எமது காதில் இருக்கிறது. 1999 நவம்பரில் மடுத் திருப்பதியின் வளவில் எறிகணை வீழ்ந்தபோதும் அங்கிருந்தோர் இடம்பெயர்ந்த ஏதிலிகளே. சைவரும் கத்தோலிக்கரும் ஒரே மரநிழலில் சமைத்துண்ட இடம் அது. ஆகவே ஆலயத்தின் கூரை தன்னளவில் எவரையும் காப்பதில்லை என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் அது காக்கவில்லை. இங்கே ஒருவரை நினைவுகூர வேண்டும். விராஜ் மென்டிஸ் என்ற சிங்கள இளைஞர் 1973இல் மாணவராகப் பிரித்தானியா சென்றவர். தமிழர்களின் உரிமைப் போராட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தவர். அக்காரணத்தால் இலங்கைக்குத் திரும்பினால் தமது உயிருக்கு ஆபத்து என்று அவர் கூறியதைப் பிரித்தானிய உள்துறை ஏற்கவில்லை. 1986 டிசம்பரில் மன்செஸ்ரர் நகரின் ஹல்ம் பகுதியிலுள்ள ஆலயமொன்றில் அவர் தஞ்சம் புகுந்தார். அங்கிருந்த குருவானவர் ஜோன் மெதுவனும் சபையாரும் அவரை ஏற்றுக்கொண்டனர். ஈராண்டுகளுக்கு மேல் அவர் அங்கிருந்தார். ஆதரவாளர்கள் முறைவைத்துக் காவலிருந்தனர். ஆனால் ஆங்கிலேயச் சட்டத்தில் ஆலயப் புகலிடம் என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே முதலாம் ஜேம்ஸ் மன்னனின் காலத்தில் ஒழிக்கப்பட்டுவிட்டது. 1989 ஜனவரி 18ஆம் திகதி விடியுமுன் பெருந்தொகையான பொலிஸார் கதவுகளை உடைத்துக்கொண்டு உட்புகுந்தனர். இரண்டு நாட்களின் பின் அவர் கொழும்புக்கு விமானம் ஏற்றப்பட்டார்.

அவர் பின்னர் ஜேர்மனியின் பிரேமன் நகருக்கு வந்து சேர்ந்து, தமது இறுதிக்காலம் வரை எமது மக்களின் நீதிக்காக உழைத்தார். 2013இல் பிரேமனில் இலங்கை தொடர்பான மக்கள் தீர்ப்பாயம் கூடியதற்குப் பின்னால் அவரது உழைப்பு இருந்தது. 2024 ஓகஸ்ட் மாதம் அந்நகரிலேயே காலமானார். எமக்காகப் பேசியதால் நாடிழந்த ஒரு சிங்களவருக்கு ஈராண்டு கூரை தந்தது ஓர் ஆங்கிலேய ஆலயம் என்பதை எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஹேக்கில் கதவு நின்றது; மன்செஸ்ரரில் உடைந்தது. இரண்டு இடத்திலும் சபையாரின் உறுதி ஒன்றே. சட்டம் வேறு, காலம் வேறு, அரசாங்கத்தின் கணக்கு வேறு.

ஜேர்மனியில் எப்படி?

இளைஞரின் பிரச்சினை ஜேர்மனியில். எனவே இந்நாட்டு வழக்கத்தைச் சற்று விரிவாகப் பார்த்தோம்.

1983 ஓகஸ்ட் 30ஆம் திகதி, துருக்கி நாட்டவரான கெமால் அல்துன் என்ற 23 வயது இளைஞர், தாம் துருக்கி அரசிடம் ஒப்படைக்கப்படுவோம் என்ற அச்சத்தில், மேற்குப் பேர்லின் நிர்வாக நீதிமன்றக் கட்டடத்தின் ஆறாம் மாடி யன்னலிலிருந்து பாய்ந்து உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே பேர்லினின் குறொய்ஸ்பேர்க் பகுதியிலுள்ள திருச்சிலுவை ஆலயம், லெபனானுக்குத் திருப்பி அனுப்பப்படவிருந்த பலஸ்தீனக் குடும்பங்களுக்கு இடமளித்தது. இந்நாட்டில் திருச்சபைப் புகலிடம் என்று அழைக்கப்படும் வழக்கம் அங்கிருந்தே தொடங்கியது. நாடளாவிய ஒருங்கிணைப்பு அமைப்பு 1994இல் உருவாயிற்று.

இந்த வழக்கத்துக்கு ஜேர்மன் சட்டத்தில் இடமில்லை. அரசு அதனைப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே. இன்னொன்று, இது ஒளித்துவைப்பது அல்ல. ஒருவரை உள்ளே எடுத்த அன்றே அவருடைய பெயரையும் அவர் தங்கியுள்ள ஆலயத்தின் முகவரியையும் சபை அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவிக்கும். 2015ஆம் ஆண்டு திருச்சபைகளுக்கும் கூட்டாட்சி அகதிகள் அலுவலகத்துக்கும் இடையே ஏற்பட்ட இணக்கத்தின்படி, அந்த மனிதரின் துன்பம் ஏன் விசேடமானது என்பதை விளக்கும் கோவையொன்றையும் அனுப்ப வேண்டும். “எல்லோருக்கும் கஷ்டம்தான், எனக்கும் கஷ்டம்” என்ற வாதம் அங்கே செல்லாது.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்த டப்ளின் விதியின்படி, ஆறு மாதங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பான நாட்டுக்கு அனுப்பாவிடில், அவரது கோரிக்கையை விசாரிக்கும் பொறுப்பு ஜேர்மனிக்கு வந்துவிடும். ஆனால் அவர் தலைமறைவானவர் என்று கொள்ளப்பட்டால் அக்காலம் பதினெட்டு மாதங்களாக நீளும். முகவரி அறிவிக்கப்பட்ட திருச்சபைப் புகலிடம் தலைமறைவு ஆகாது என்று 2020இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் கூறியது. எமது இளைஞருக்கு எல்லாமே அந்த ஆறு மாதக் கணக்கிலேயே தங்கியிருந்தது. (2024இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய விதிகளை இயற்றி, 2026 முதல் அவை பொருந்துமென விதித்தது. ஆகவே இப்பத்தியிலுள்ள மாதக் கணக்கை நம்பி எவரும் முடிவெடுக்க வேண்டாம், சட்டத்தரணியிடம் கேளுங்கள்.)

கதவு இங்கும் இரும்பால் ஆனதல்ல. 2023 ஜூலையில் லொபெரிக் என்னும் ஊரில் ஈராக்கியத் தம்பதியர் சபையின் இடத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். 2024 மே மாதம் பீனென்பியூற்றல் என்னும் ஊரில் தங்கியிருந்த ரஷ்யக் குடும்பம் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் ஹம்பேர்க்கில் கத்தோலிக்கப் பங்கொன்றிலிருந்து ஆப்கானியர் ஒருவர் கொண்டுசெல்லப்பட்டுச் சுவீடனுக்கு அனுப்பப்பட்டார். இடமளித்தோருக்கும் தொல்லை உண்டு. பவேரியாவின் மின்ஸ்ரர்ஸ்வார்சாக் மடத்துத் துறவி ஒருவர் இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டு, 2021இல் விடுதலை பெற்று, 2022இல் மேல் நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதிசெய்யும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சோறும் மதமும்

ஒரு வாரம் கழித்து வந்த இளைஞரிடம் இவை யாவற்றையும் கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்றைக் கேட்டார். தாம் சைவம், அங்கே போனால் மதம் மாறச் சொல்வார்களோ?

இது அற்பமான கேள்வியன்று. எமது நாட்டில் ‘சோற்றுக் கிறிஸ்தவர்’ என்ற சொல் பிறந்ததற்குக் காரணம் உண்டு. மிசன் பாடசாலைகள் எமக்குக் கல்வி தந்தன. அதற்கு விலையும் கேட்டன. அதனை எதிர்த்து எழுந்த ஆறுமுக நாவலர், இளமையில் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கு உழைத்தவர் என்பதும், 1876-77 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றியவர் என்பதும் அதே வரலாற்றின் பக்கங்களே. புலம்பெயர்ந்த நாடுகளிலும், ரொட்டியோடு துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்து நீட்டும் குழுக்களை அகதி முகாம் வாசல்களில் நாம் கண்டிருக்கிறோம். விசாரணைக்குக் காத்திருக்கும் மனிதனின் பலவீனத்தை அறுவடை செய்வது எமக்கு உடன்பாடானதல்ல. அதை எந்தச் சமயம் செய்தாலும் சரி.

ஆயினும் எமது சொந்த அனுபவம் வேறு. 2009ஆம் ஆண்டு மார்கழியில், மெல்லிய சட்டையோடு இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த நாம், முகாமிலிருந்த ஒருவர் சொல்லக் கேட்டு, அண்மையிலிருந்த ஆலயமொன்றின் மண்டபத்துக்குச் சென்றோம். புதன்கிழமைகளில் அங்கே சூப் கொடுப்பார்கள். பழைய குளிரங்கிகளும் கிடைக்கும். மேசையில் வைத்த சூப்பில் மாட்டிறைச்சித் துண்டுகள் மிதந்தன. பசி ஒரு பக்கம், பிறந்து வளர்ந்த வீட்டு வழக்கம் மறுபக்கம். கரண்டியால் துண்டுகளை ஒதுக்கி, நீரை மட்டும் குடிக்க முயன்று, அதுவும் இயலாது வைத்துவிட்டு எழுந்தோம். நன்றி கெட்டவன் என்று நினைத்திருப்பார்களே என்ற வெட்கம் முகாம் வரை கூடவே வந்தது. மறு புதன் சூப்புக்காக அல்ல, குளிரங்கியின் அறுந்த பொத்தானுக்கு நூல் கேட்கப் போனோம். பரிமாறும் மூதாட்டி எம்மைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, உருளைக்கிழங்கும் கரட்டும் மட்டும் இட்ட சிறு பானையொன்றைக் கொண்டுவந்து வைத்தார். எமக்கு ஜேர்மன் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எமது சமயம் எதுவென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இளைஞரிடம் இதையே சொன்னோம். எல்லாச் சபைகளும் அப்படியென்று எம்மால் உறுதி தர முடியாது, கேட்டுப் பார்க்கலாம். குறொய்ஸ்பேர்க்கில் இடம் பெற்ற குடும்பங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதையும் எடுத்துக்காட்டினோம்.

ஐந்து சபைகளுக்கு எழுதினோம். இரண்டு பதில் தரவில்லை. இரண்டிடம் ஏற்கெனவே ஆட்கள் இருந்தனர். ஐந்தாவது, நகருக்கு வெளியே உள்ள சிறிய சபை, நேரில் வரச் சொன்னது. நாமும் உடன் சென்றோம். போதகர் ஓர் அம்மையார். தாம் தனியே எதையும் தீர்மானிக்க முடியாது, சபை நிர்வாகக் குழு வாக்களிக்க வேண்டும் என்றார். புகலிடத்திலிருக்கும் காலத்தில் அரசு உதவிப் பணம் கிடைக்காது. உணவு, மருந்து, வெப்பமூட்டும் செலவு அனைத்தும் சபையின் தலையில். எத்தனை மாதம், மாதமொன்றுக்கு எவ்வளவு, பல்வலி வந்தால் யார் என்றெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கருணை என்பது இந்நாட்டில் குறிப்பேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அது எமக்குப் பிடித்திருந்தது.

குழுவில் ஒன்பது பேர். இளைஞர் தமது கதையை மொழிபெயர்ப்பாளர் மூலம் கூறினார். குரோசிய எல்லையில் தம்மை அடித்த இடத்தை, கேட்காமலே சட்டையை உயர்த்திக் காட்டினார். ஓய்வுபெற்ற எந்திரவியலாளர் ஒருவர், நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் நாம் யார் மறுப்பதற்கு என்று வாதிட்டார். அவர் கெட்ட மனிதரல்லர். அவர் கேட்டது நியாயமான கேள்வியே. ஆறு பேர் ஆம் என்றனர், இருவர் நடுநிலை வகித்தனர், அவர் ஒருவர் எதிர்த்தார். மார்கழி இரண்டாம் வாரம் இளைஞர் ஆலய மண்டபத்துக்கு மேலுள்ள அறைக்குக் குடிபெயர்ந்தார்.

ஆலய வளவைச் சுற்றி இடுப்பளவு உயரச் சுவர் ஒன்று உண்டு. அதற்கு அப்பால் ஐம்பது யார் தூரத்தில் பஸ் தரிப்பிடம். நாலரை மாதங்களாக அந்தத் தரிப்பிடத்தை அவர் யன்னலிலிருந்து பார்த்தார், போகவில்லை. சபைப் பெண்கள் முறைவைத்துச் சாமான் வாங்கி வந்தனர். அவர்களுள் ஒருவர் பல் வைத்தியர், வலித்த பல்லை அவரே கட்டணமின்றிப் பிடுங்கினார். மற்றொருவர் வாரம் மூன்று நாள் ஜேர்மன் கற்பித்தார். ஒரு பின்னிரவில் கீழே வாகன ஒலி கேட்டு, அது பால் வண்டி என்று அறியும் வரை கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் குந்தியிருந்ததாக எம்மிடம் சொன்னார். தை மாதம் வெப்பமூட்டி பழுதானபோது ஆயுதப் பெட்டியோடு வந்து திருத்தியவர், எதிர்த்து வாக்களித்த அந்த எந்திரவியலாளர். தமது கருத்து மாறவில்லை என்று போதகரிடம் அவர் அன்றும் சொன்னாராம்.

2024 சித்திரை இறுதியில் காலக்கெடு கடந்தது. சட்டத்தரணியின் கடிதத்துக்குப் பின், அவரது கோரிக்கை ஜேர்மனியிலேயே விசாரிக்கப்படும் என்று அலுவலகம் எழுதியது. அது வெற்றியல்ல, வரிசையின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்தது மட்டுமே. கிளிநொச்சியில் நடந்ததை அவர் இனித்தான் சொல்ல வேண்டும், இனித்தான் நம்ப வைக்க வேண்டும்.

அவர் முகாமுக்குத் திரும்பிய பின் ஒருநாள் நாம் அந்தச் சபைக்கு நன்றி சொல்லச் சென்றோம். அன்று புதன்கிழமை. மண்டபத்தில் சூப் நாள். இளைஞரும் அங்கே இருந்தார். பஸ்ஸில் வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் இரண்டு பானைகள். ஒன்றின் மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஜேர்மன் சொல்லொன்றும், அதன் கீழே கோணல் மாணலாக, எழுத்தைப் பார்த்து வரைந்த கையால், ‘மரக்கறி’ என்று தமிழிலும் எழுதப்பட்டிருந்தது. யார் எழுதியது என்று கேட்டோம். போதகர் அம்மையார் கையை உயர்த்தினார். ‘ற’வன்னா சரியா என்று கேட்டார். சரி என்றோம்.